பத்தமடை வயலும் உன் அவசரமும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

பத்தமடை வயலுக்கு விலை பேசிவிட்டதாகவும், குத்தகைக்காரரை ஒரு மாதத்தில் வெளியேறச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடும்படியும் எழுதியிருக்கிறாய். அவர் மசியாவிட்டால் ஜேசிபியை இறக்கி வரப்பைத் தள்ளிவிடலாம் என்று உன் புரோக்கர் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். வக்கீல் குமாஸ்தாவாகவே ஆயுசைக் கழித்தவன் நான். இந்த வழக்குகள் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியும். அதனால் போனில் சொல்லாமல் எழுத்தில் தருகிறேன். இரண்டு தடவை படி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பட்டா உன் பேரில் இருக்கிறது என்பதற்காக வயல் உன் கைக்கு வந்துவிடாது. 1955-ஆம் வருஷத்துப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. தானோ தன் வீட்டாரோ உடலுழைத்து அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்தால் அவர் பயிரிடும் குத்தகைதாரர். குத்தகைச் சீட்டின் கெடு முடிந்த பிறகும் வயலில் தொடர்ந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே “அப்பாவோடு பேசிய காலம் முடிந்துவிட்டது” என்ற உன் வாதம் செல்லாது. நிலத்தை விற்றாலும் வாங்குகிறவர் குத்தகைதாரரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்.

அப்படியானால் எப்போதுதான் எடுக்க முடியும்? காரணங்களைச் சட்டமே எண்ணிச் சொல்லியிருக்கிறது. குத்தகை பாக்கி, நிலத்தையோ பயிரையோ கெடுக்கும் காரியம், விவசாயம் தவிர வேறு எதற்காவது நிலத்தைப் பயன்படுத்துவது, நில உடைமை உன்னுடையது அல்ல என்று வேண்டுமென்றே மறுப்பது. உனக்குப் பணம் தேவை, மனைக்கு நல்ல விலை வருகிறது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. உடைமையாளர் தானே இறங்கிப் பயிரிடக் கேட்பதற்கு ஒரு பிரிவு உண்டு. அதிலும் பாதி நிலத்துக்கு மேல் கேட்க முடியாது. விற்கப்போகிறவனுக்கு அது உதவாது.

மனுப் போடும் இடமும் வேறு. முன்சீப் கோர்ட்டுக்கு இதில் வேலை இல்லை. வருவாய் கோட்டாட்சியர் மட்டத்து அதிகாரி உட்காரும் வருவாய் நீதிமன்றத்தில்தான் மனு. எந்தப் போகத்துக்கு எவ்வளவு பாக்கி, எப்போது கெடு என்று எழுதி, பட்டா, சிட்டா, அடங்கல் நகல் வைக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். இரண்டு பக்கத்தையும் கேட்டுச் சுருக்க விசாரணை நடக்கும். பாக்கி உண்மை என்று தெரிந்தாலும் உடனே வெளியேற்ற உத்தரவு வராது. பாக்கியையும் செலவையும் கட்ட அதிகாரி அவகாசம் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் உன் மனு அங்கேயே விழுந்துவிடும். கட்டத் தவறினால்தான் வெளியேற்றம். அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு வேறு இருக்கிறது.

அங்கே நடப்பதை நீ நேரில் பார்த்ததில்லை. குத்தகைக்காரர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை அவிழ்ப்பார். நெல் வியாபாரியின் பில்லுக்குப் பின்னால் “பிசானப் போகம், இத்தனை கோட்டை நெல் வரவு” என்று பென்சிலில் எழுதி உன் அப்பா போட்ட சுருக்கொப்பம் இருக்கும். கூடவே 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி தாலுகா அலுவலகத்தில் பதிந்த குத்தகைப் பதிவின் நகல். அந்தப் பதிவைத் தவறென்று நிரூபிக்கும் வரை சரியென்றே எடுத்துக்கொள்வார்கள். உன் பக்கம் வரவு செலவு நோட்டு உண்டா? உன் அப்பா ரசீதுப் புத்தகமே வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் அங்கே கிளம்பும். 1956-ஆம் வருஷத்து நியாயக் குத்தகைச் சட்டம் முதலில் நஞ்சைக்கு மொத்த விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்தது. பின்னால் அது 25 சதவீதமாகக் குறைந்தது. கன்னடியன் கால்வாய் பாயும் வயலில், கார் போகம் தவறிய வருஷங்களிலும் உன் அப்பா கட்டுக்குத்தகையை முழுசாக அளந்து வாங்கினார். அதையெல்லாம் நீயே போய்க் கிளற வேண்டுமா?

ஜேசிபி பேச்சை இதோடு விடு. உத்தரவில்லாமல் வெளியேற்றினால், வயலைத் திரும்பத் தரும்படி அவர் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். போலீஸ் வழக்கும் சேர்ந்தால் மனை வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்.

உன் பாளையங்கோட்டை மாடி வீட்டு வாடகைக் குடித்தனத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதே. அதற்கு 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-இல் இயற்றி 22-2-2019 முதல் அமலான சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. முதல் வேலையாக ஒப்பந்தத்தைப் பதிந்துவிடு.

வயலுக்கு என் யோசனை இது. உட்கார்ந்து பேசு. இந்தப் பக்கத்தில் விற்கும்போது குத்தகைதாரருக்கு நிலத்திலோ பணத்திலோ ஒரு பங்கு கொடுத்துத் தீர்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அது தர்மத்துக்காகப் போடும் பிச்சை ஆகாது. உங்கள் வீட்டில் யாரும் மடை திறக்கப் போகாத காலம் முழுக்க அந்த வயலைத் தரிசு விழாமல் காத்தவர் அவர். அந்தப் பங்கு அவருக்கு உரியது. தொகை ஒத்துவந்தால் ஒப்படைப்பை எழுத்தில் வாங்கு. சாட்சி வை. பணத்தை வங்கி வழியாகக் கொடு. குத்தகைப் பதிவிலிருந்து பெயரை நீக்கத் தாலுகா அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து மனுக் கொடுங்கள். அந்த நீக்க உத்தரவு கைக்கு வரும் முன் யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே.

பங்கு கொடுக்க மனசில்லை என்றால் விற்கும் எண்ணத்தை விட்டுவிடு. போகத்துக்குப் போகம் நியாயமான குத்தகையை வாங்கி, ரசீது கொடு. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி உனக்கு இல்லை.

பிசான நடவு தொடங்குமுன் ஒரு தடவை ஊருக்கு வா. புரோக்கரைக் கூட்டி வராதே. குத்தகைக்காரர் வீட்டுக்கு நாம் இருவரும் போவோம். பேச்சை நான் தொடங்குகிறேன். தொகையை நீ உன் வாயால் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா