விலங்குப் பண்ணையும் பெண்ணுரிமையும்

ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘விலங்குப் பண்ணை’ என்னும் சிறு நவீனத்தை வெளியிட்டார். 1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சியும், பின் எழுந்த ஸ்டாலினின் கொடுங்கோலுமே அவர் கருத்தில் இருந்தவை. ஆயினும் நல்ல நீதிக்கதை, பிறந்த காலத்தோடு நின்றுவிடுவதில்லை. பெண்ணுரிமைப் போராட்டத்தை விளங்கிக்கொள்ள இக்கதை எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

1. கதை

ஜோன்ஸ் என்னும் குடிகார எசமானை விலங்குகள் விரட்டிவிடுகின்றன. எல்லோருக்கும் பொதுவான ஏழு கட்டளைகள் களஞ்சியச் சுவரில் எழுதப்படுகின்றன. ஆனால், பசுக்களின் பால் முதல் நாளே காணாமற் போகிறது; அது பன்றிகளின் தீனியில் கலக்கப்பட்டது பின்னரே தெரியவருகிறது. பிறகு கோழிகளின் முட்டைகளை வாரம் 400 வீதம் விற்க ஏற்பாடாகிறது. அடைகாக்க வைத்த முட்டைகளைப் பறிப்பது கொலை என்று கோழிகள் எதிர்க்கின்றன. பன்றித் தலைவன் நெப்போலியன் அவற்றின் தீனியை நிறுத்திவிடுகிறான். ஐந்து நாட்களில் ஒன்பது கோழிகள் மடிகின்றன. எசமான் போய்விட்டான், பாலும் முட்டையும் தருபவர்களின் நிலை மாறவில்லை.

2. வரலாறு

இது வெறுங் கற்பனையன்று. 1789ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, அப்பம் கேட்டுப் பாரிஸ் நகரிலிருந்து வேர்சாய் அரண்மனைக்கு நடந்தவர்கள் பெண்களே. பிரெஞ்சுப் புரட்சிக்கு அவர்கள் தோள்கொடுத்தனர். எனினும், அவ்வாண்டு வெளிவந்த மனித உரிமைப் பிரகடனத்தில் அரசியல் உரிமை ஆண்களுக்கே என்றாயிற்று. 1791இல் ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண்மணி, பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1793இல் பெண்களின் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன; நவம்பர் 3ஆம் திகதி அவர் தலை வெட்டப்பட்டது. 1804ஆம் ஆண்டில், கதைப் பன்றியின் பெயரையே கொண்ட நெப்போலியனின் சட்டக்கோவை, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என விதித்தது. பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இலேதான்.

3. வாலில் ஒட்டிய வார்த்தை

பன்றிகள் கட்டளைகளை உடனே அழித்துவிடவில்லை. சிலவற்றின் முடிவில் இரண்டொரு சொற்களைச் சேர்த்தன. கட்டிலில் உறங்குவதைத் தடுத்த கட்டளை, விரிப்போடு உறங்குவதை மட்டும் தடுப்பதாக மாறியது. குளோவர் என்னும் பெண் குதிரைக்குப் பழைய கட்டளை நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதற்குச் சொற்களைக் கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆட்டை அழைத்து வாசிக்கச் சொன்னது; சுவரில் அப்படித்தான் இருக்கிறது என்று கேட்டதும் தன் நினைவையே சந்தேகித்து அடங்கிவிட்டது.

இத்தகைய ‘ஆனால்’ நமக்கும் புதிதன்று. தேசவழமைக்குட்பட்ட நம்மவரின் விவாக உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றி 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம், மனைவியின் தனிச்சொத்து மனைவிக்கே உரியது என்றது. ஆனால் காணியையோ வீட்டையோ உயிரோடிருக்கும்போது கைமாற்ற, கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்தது. வீட்டிலும் அப்படியே. மகள் படிக்கட்டும், ஆனால் தம்பியின் படிப்புச் செலவுக்குப் பிறகு. மனைவி உத்தியோகம் பார்க்கட்டும், ஆனால் சம்பளம் கணவன் கையில். உரிமையை மறுப்பவர் இன்று குறைவு. வால் ஒட்டுபவரே அதிகம்.

4. திருச்சபையின் போதனை

ஆணும் பெண்ணும் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டனர் என ஆதியாகமம் (1:27) எந்த வாலும் இன்றிச் சொல்கிறது. பால் வேறுபாட்டினால் எழும் பாகுபாடு இறைவனின் திட்டத்துக்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் (5:21) சொல்லப்படும் பணிவு, மனைவிக்கு மட்டுமன்றி இருவருக்கும் உரியது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1988இல் விளக்கினார்.

ஆண்டவர் உயிர்த்த செய்தியைக் கொண்டுவந்த பெண்களின் சொல்லை அப்போஸ்தலர்களே பிதற்றல் என்று தள்ளினார்கள் (லூக்காஸ் 24:11). அப்பெண்களோ, குளோவரைப் போலத் தங்கள் கண் கண்டதைச் சந்தேகிக்கவில்லை. அவர்களுள் ஒருவரான புனித மரிய மகதலேனாவின் நினைவு நாளைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் அப்போஸ்தலர்களுக்குரிய விழா நிலைக்கு உயர்த்தினார்.

5. ஒப்புமை நிற்கும் இடம்

கதையில் மனிதனும் விலங்கும் வேறு இனங்கள். ஒருவன் வென்றால் மற்றவன் வெளியேற வேண்டும். ஆணும் பெண்ணுமோ ஒரே இனம், திருமணத்தில் ஒரே உடல். கணவனை விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் அமர்வது பெண் விடுதலையாகாது. அது எசமானை மாற்றுவதே. நாற்காலி ஒன்றுதான் என்ற எண்ணமே மாறவேண்டும். அதேவேளை, ‘பெண் உரிமை கேட்டால் குடும்பம் சிதையும்’ என்று பயமுறுத்துவோர், ‘ஜோன்ஸ் திரும்பிவருவான்’ என்று அச்சங்காட்டி விலங்குகளின் வாயை அடைத்த பன்றியின் வேலையையே செய்கிறார்கள். குடும்பத்தைச் சிதைப்பது நீதியன்று, அநீதியே.

குடும்பமாகச் சிந்திக்க:

அ) நம் வீட்டில் யாருடைய உழைப்பு, கேளாமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது?

ஆ) நம் மகளுக்குக் கொடுத்த வாக்குகளில் எதன் முடிவில் ‘ஆனால்’ சேர்த்தோம்?

இ) வீட்டுக் கணக்கையும் காணி உறுதியையும் தாயும் மகளும் வாசித்து அறிந்திருக்கிறார்களா?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் இக்கேள்விகளைப் பேசுங்கள். தந்தையர் முதலில் செவிமடுப்பார்களாக.