டிடிஆர் படிக்காத டேப்

எங்கள் மெயின்ஃபிரேமில் இசட்/ஓஎஸ், இசட்/விஎம், லினக்ஸ் மூன்றும் ஓடுகின்றன. இசட்/விஎம் டிஸ்க்குகளை இசட்/ஓஎஸ்ஸிலிருந்து பேக்கப் எடுத்து, இசட்/விஎம்மின் டிடிஆர் கருவி மூலம் மீட்கலாமா?

எடுக்கலாம், டிடிஆரால் மீட்க முடியாது. இசட்/ஓஎஸ்ஸின் டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் எழுதிய டேப்பை டிடிஆர் படிக்காது. டிடிஆர் எழுதியதை அதுவும் படிக்காது. இரண்டும் ஐபிஎம் வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. எதில் எடுத்தீர்களோ, அதிலேயே மீட்டுவிடுங்கள்.

இசட்/ஓஎஸ் வழியே போவதானால், டம்ப் கட்டளையில் சிபிவால்யூம், அட்மின் இரண்டையும் சேருங்கள். டிராக் எல்லையையும் நீங்களே கொடுக்க வேண்டும். 3390-9 டிஸ்க் முழுவதும் என்றால் சிலிண்டர் 0 முதல் 10016 வரை. இசட்/விஎம் டிஸ்க்கிலுள்ள விடாக் (உள்ளடக்க அட்டவணை) ஒப்புக்குத்தான். எங்கே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

லினக்ஸ் டிஸ்க் சிடிஎல் அமைப்பில் இருந்தால் (வழக்கமாக அப்படித்தான் இருக்கும்) டிராக் எல்லை கொடுக்கும் தொல்லை இல்லை. ஆனால் லினக்ஸை நிறுத்திவிட்டு எடுங்கள். ஓடும்போது எடுத்தால், நினைவகத்திலிருந்து இன்னும் டிஸ்க்குக்கு இறங்காதவை டேப்பில் இருக்காது.

இசட்/ஓஎஸ்ஸே விழுந்துவிட்டால்? டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ்ஸின் தனித்தியங்கும் மீட்பு நிரலை ஐபிஎல் செய்து டிஸ்க்கை மீட்கலாம். பிசிக்கல் டம்ப்பாக எடுத்திருக்க வேண்டும். அந்த நிரலை உருவாக்க இசட்/ஓஎஸ் வேண்டும் என்பதால், அது உயிரோடு இருக்கும்போதே டேப்பில் எழுதி வையுங்கள்.