தளர்ந்த தசையும் தாங்கும் பாரமும்

மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்னும் நோய் நம் நாட்டார்க்கு அதிகம் பழக்கமானதன்று. குளிர்நாடுகளிலே மிகுந்தும் அயனமண்டல நாடுகளிலே அருகியும் காணப்படுவது அது. உலகிலே ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2020ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. அவருள் பெண்களின் தொகை ஆண்களின் தொகையிலும் இரு மடங்குக்குக் குறையாது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதிலே, அஃதாவது ஒருவர் தொழிலுங் குடும்பமுங் கொண்டு நிமிரும் பருவத்திலே, இது தலைகாட்டுகின்றது. இந்நோயாளர் பாரந் தூக்கித் தேகாப்பியாசஞ் செய்யலாமோ என்னும் வினாவுக்கு நெடுங்காலம் "ஆகாது" என்பதே விடையாக இருந்தது. அவ்விடை எவ்வாறு பிறந்தது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதை ஈண்டு நோக்குவாம்.

நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பாரிசு நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே பணியாற்றிய ஷார்க்கோ என்னும் பேராசிரியர் 1868ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கினார். மூளையிலும் முண்ணாணிலும் ஓடும் நரம்பு நார்களை ஒரு கொழுப்புறை போர்த்திருக்கின்றது. மின்கம்பிக்கு இறப்பர் உறை எப்படியோ அப்படி. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே நெறி தவறி இவ்வுறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடங்கள் பலவற்றில் தழும்பு விழுகின்றது; நோயின் பெயர்க்கும் பொருள் அதுவே. உறை கெட்டவிடத்து மூளையின் கட்டளை தாமதித்துச் செல்லும், அல்லது செல்லாதொழியும். கால் தளர்தல், நடை தடுமாறல், தசை விறைத்தல், பார்வை மங்கல், சொல்லொணாச் சோர்வு முதலியன இதன் விளைவுகள்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். இந்நோயிலே முதற்கண் கெடுவது தசையன்று. தசைக்கு வரும் கட்டளையே. ஆயினும் கட்டளை குன்றியவர் நடத்தலைக் குறைக்கின்றார். நடத்தல் குறையவே தசை மெலிகின்றது. மெலியவே முன்னிலும் குறைவாக நடக்கின்றார். ஆகவே, ஒரு காலிலே காணப்படும் தளர்ச்சி இருவேறு தளர்ச்சிகளின் கூட்டாகும்: நரம்பினால் வந்தது ஒன்று, பயிலாமையால் வந்தது மற்றொன்று. முன்னையதைப் பாரந் தூக்கி மாற்றுதல் அரிது. பின்னையதை மாற்றலாம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே பழைய வைத்தியர்களை மயங்கச் செய்தது என்பது எம் கருத்து.

மயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஜெர்மனி நாட்டுக் கண் வைத்தியராகிய வில்ஹெல்ம் ஊட்ஹோப் என்பார், இந்நோயாளர் சிலருக்கு உடலை வருத்தி உழைத்தபின் பார்வை சிறிது நேரம் மங்குவதைக் கண்டு 1890ஆம் ஆண்டில் எழுதினார். உழைப்பே நோயை வளர்க்கின்றது என்று பலர் அதற்குப் பொருள் கொண்டனர். உண்மையிலே அங்குக் குற்றவாளி உழைப்பன்று, வெப்பமே. உறையிழந்த நாரிலே மின்துடிப்பு ஓடுவது நூலிழையில் நிற்பதுபோன்ற நிலை. உடல்வெப்பம் அரைப் பாகை ஏறினும் நாரிலுள்ள சோடியம் வாயில்கள் விரைந்து மூடிவிடுகின்றன. துடிப்பு இடையிலே நின்றுவிடுகின்றது. வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தினும் அதே மங்கல் நேரும். அதனாலே வெந்நீரில் அமர்த்திப் பார்த்தலையே ஒருகாலத்தில் நோயறியும் சோதனையாகவும் கையாண்டனர்! உடல் குளிர்ந்ததும் மங்கல் நீங்கும். புதிய தழும்பு எதுவும் விழுவதில்லை. தற்காலிகமான தடையை நிலையான கேடென்று கருதியதனால் எத்தனையோ பேர் படுக்கையிலே மெலிந்தனர்.

அங்ஙனம் அறிவுறுத்தப்பட்டவருள் ஒருவர் ஜிம்மி ஹியூகா. 1964ஆம் ஆண்டில் இன்ஸ்புறூக்கு நகரிலே நடைபெற்ற பனிக்கால ஒலிம்பிக்கிற் பனிச்சறுக்குப் போட்டியொன்றிலே அமெரிக்காவுக்கு வெண்கலப் பதக்கம் ஈட்டியவர் அவர். 1970ஆம் ஆண்டில் அவருக்கு இந்நோய் உண்டெனத் துணியப்பட்டது. உடலை வருத்தாது ஓய்ந்திருக்குமாறு வைத்தியர் கூறினர். ஓய்ந்திருந்தார், உடலும் உள்ளமும் ஒருங்கே தளர்ந்தன. பின்னர்த் தாமே ஒரு பயிற்சி முறை வகுத்துப் பயின்று தேறினார். 1984ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்திலே இந்நோயாளர்க்கென ஒரு நிலையத்தையும் நிறுவினார். நோயை அவர் வென்றார் என்று எழுதுவோர் மிகைபடக் கூறுவோராவர். பிற்காலத்திலே சக்கர நாற்காலியிலேயே இருந்து, 2010ஆம் ஆண்டில் 66 வயதில் அவர் காலமானார். ஆனால் நோய் அனுமதித்த அளவுக்கு உடலை ஆண்டு, பிறர்க்கும் அவ்வழியைக் காட்டினார்.

பாரப் பயிற்சியை வைத்திய முறையாக ஒழுங்குபடுத்தியவர் தோமசு டிலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர். இளமையிலே வாதக் காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்து, பின் பாரந் தூக்கியே உடல் தேறியவர் அவர். இரண்டாவது உலகப் போர்க் காலத்திலே சிக்காகோவிலுள்ள இராணுவ வைத்தியசாலையொன்றில், முழங்கால் கெட்ட போர்வீரருக்கு இதனைக் கையாண்டு 1945ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பின்னர் அவரும் வொட்கின்சும் அமைத்த முறை எளிது. ஒருவர் பத்து முறை மாத்திரமே தூக்கக்கூடிய பாரத்தை முதலிற் காணல் வேண்டும். அதன் பாதியைப் பத்து முறை, முக்காலைப் பத்து முறை, முழுமையைப் பத்து முறை தூக்குதல்; வலிமை கூடக் கூடப் பாரத்தையும் கூட்டுதல். கன்றை நாடோறுஞ் சுமந்து, அது காளையான பின்னுஞ் சுமந்தான் எனப்படும் கிரேக்க மல்லன் மைலோவின் கதையும் இதுவே. இம்முறையின் நுட்பம், அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருப்பது. வலக்கால் ஐந்து இறாத்தலும் இடக்கால் இரண்டு இறாத்தலும் தாங்குமாயின் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாரமே உரியது. ஒரு பக்கம் மிகுந்து தளரும் இந்நோய்க்கு இதனினும் பொருத்தமான முறை வேறில்லை.

ஆயினும் இம்முறை இந்நோயாளரிடம் வந்துசேரக் காலஞ் சென்றது. 1996ஆம் ஆண்டில் யூற்றா சர்வகலாசாலையினர் 54 நோயாளரைக் கொண்டு நிகழ்த்திய 15 வார ஆய்வு, கைகால்களால் மிதிபொறி ஓட்டும் பயிற்சி நன்மை தருவதென்று காட்டி அச்சத்தைக் குறைத்தது. பாரப் பயிற்சிக்கு டென்மார்க்கிலே டல்காசும் அவர் குழுவினரும் செய்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. வாரம் இருமுறையாக 12 வாரம் கால்களைப் பயிற்றியவர்க்குத் தசைவலியும் நடக்கும் ஆற்றலும் கூடின. 2014ஆம் ஆண்டிலே 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பயின்றவருள் நூற்றுக்கு 4.6 வீதமானோர்க்கும், பயிலாதவருள் 6.3 வீதமானோர்க்கும் நோய் மீண்டும் கிளர்ந்தமை தெரியவந்தது. பயிற்சியால் நோய் கிளரும் என்பதற்கு ஆதாரமில்லை. இவை பெரும்பாலும் நடக்கக்கூடியவரைக் கொண்டு செய்தவை என்பதையும் மறத்தலாகாது.

இனி, செய்யும் முறை. 2013ஆம் ஆண்டிற் கனடா நாட்டவர் வெளியிட்ட நெறி, நோய் மிதமாக உள்ள வளர்ந்தோர் வாரம் இருமுறை பெருந்தசைகளைப் பயிற்றுமாறு கூறுகின்றது. ஒவ்வொரு பயிற்சியையும் 10 முதல் 15 முறை செய்து, ஒன்றிரண்டு நிமிடம் இளைப்பாறி, மீண்டும் ஒருமுறை செய்தல் போதும். வைத்தியரின் இசைவும், இயன்மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையும் தொடக்கத்திலே இன்றியமையாதன. நோய் கிளர்ந்திருக்குங் காலத்திற் பயிற்சியை நிறுத்தி, நிலை சீரானபின் குறைந்த பாரத்துடன் தொடங்குக. தடுமாற்றம் உள்ளவர் நின்று தூக்காது இருந்தே தூக்குக. கைப்பிடி வலியற்றவர்க்கு இரும்புக் குண்டினும் இறப்பர்ப் பட்டியே நன்று. நம்மூர் போன்ற வெப்ப நாடுகளில் உள்ளோர் விடியற்காலையையே தெரிந்து, காற்றோட்டமான இடத்திலே, குளிர்ந்த நீரைப் பக்கத்தில் வைத்துப் பயிலுதல் வேண்டும். இடையிற் கண் மங்கினால் அஞ்சாது அமர்ந்து உடலைக் குளிர்விக்குக. உடல் குளிர்ந்து இளைப்பாறிய பின்னும் மங்கல் நீங்காது மறுநாளும் தொடருமாயின் வைத்தியரிடம் செல்க.

முதற் சில வாரங்களிலே தசை பருத்துக் காணப்படாது. அப்பொழுது கூடும் வலிமை, எஞ்சிய நரம்புகள் தசையை நன்கு ஏவப் பழகுவதால் வருவது; பருமன் பின்னரே வரும். அதனாற் கண்ணாடியை நோக்கி மனந்தளர்தல் வீண். கருவியெதுவும் இல்லாதவர்க்கு ஒரு நாற்காலி போதும். அதனைச் சுவரோடு சார்த்தி வைத்து, இருந்தெழுதலை எண்ணிச் செய்க. நம் உடம்பே அங்குப் பாரமாகின்றது. மலசலகூடத்திலும் பேருந்திலும் வேண்டப்படுவதும் இவ்வெழுச்சியே. எண்ணிக்கையை ஒரு கொப்பியிலே குறித்து வைத்தல் நன்று. சென்ற மாதம் கைப்பிடியைப் பற்றி எழுந்தவர் இம்மாதம் பற்றாது எழுந்தாராயின், அதனையும் திகதியுடன் எழுதிக்கொள்ளல் வேண்டும்.