டாட் இன் யாருக்குச் சொந்தம்?

சோழவரம், காரனோடை, செங்குன்றம் வட்டாரத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர்கள் பலர் இப்போது பில்லிலும் சாக்கிலும் கடையின் இணையதள முகவரியை அச்சடிக்கிறார்கள். பலருடையது டாட் இன் என்று முடிகிறது. அந்த வாலை வைத்திருப்பவர் யார், அதை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே இந்த மாதப் பாடம். வாடகைக் கடைக்காரர் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து வைப்பதைப் போன்றதுதான் இதுவும்.

நமக்குத் தெரிந்த ஏஜென்சி முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஓர் ஏரியாவுக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டரை நியமிக்கிறது. அந்த ஏரியா அவருடைய பரம்பரைச் சொத்து ஆகிவிடாது. ஆளை மாற்றும்போது பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்குவதும் நம் வழக்கம்தான்.

உலகத்து நாட்டு வால்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பேரேடு உண்டு. அதில் பெயர் மாற்றும் வேலையை அயானா என்ற பிரிவு செய்கிறது. முன்பு இதைக் கவனித்து வந்த ஜான் போஸ்டல் என்பவர் 1994 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். இந்த வாலை வைத்திருப்பவர் அறங்காவலர் மாதிரி, உரிமை பேசுவதைவிடப் பொறுப்பையும் சேவையையும் பேச வேண்டும் என்பது அதன் சாரம். பொறுப்பு கைமாறினால் பழையவரும் புதியவரும் சம்மதிக்க வேண்டும். வைத்திருப்பவர் ஒழுங்காக நடத்தாவிட்டால் அயானா தலையிடலாம். சர்வதேச ஒப்பந்தமோ சட்டமோ அல்ல, வெறும் குறிப்பு. ஆனாலும் இன்றுவரை அடிப்படை அதுதான். 1998-ல் அமைந்த ஐகேன் நிறுவனத்தின் கீழ் அயானா வந்தது. பேரேட்டில் மாற்றம் செய்ய அமெரிக்க அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது. 2016 அக்டோபர் 1 முதல் அதுவும் இல்லை.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1989 மே மாதம் டாட் இன் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டு, மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் இருந்தது. கெடுபிடிகள் அதிகம் என்பதால் 2004 வரை சுமார் 7,000 பெயர்கள்தான் பதிவாயின. மத்திய அரசு கொள்கையை மாற்றி, 2003-ல் தொடங்கிய நிக்ஸி என்ற லாப நோக்கமில்லாத கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுத்தது. 2005 தொடக்கத்தில் பதிவு எல்லோருக்கும் திறந்தது. பழையவரும் அரசு சார்ந்த நிறுவனம் என்பதால் தகராறு எழ இடமில்லை.

அதன் பிறகு மாறியவர்கள் நிக்ஸியின் காண்டிராக்டர்கள் மட்டுமே. கம்ப்யூட்டர் வேலையை முதலில் அஃபிலியாஸ் செய்தது, 2019-ல் நியூஸ்டார் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம் மாறின. கடைக்காரர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. கணக்குப்பிள்ளை மாறினார், கடை அப்படியே இருந்தது.

ஜப்தி செய்ய முடியுமா என்ற கேள்வியும் ஒருமுறை கோர்ட்டுக்குப் போனது. பயங்கரவாதத் தாக்குதல்களில் பாதிக்கப்பட்டவர்கள், இரான் அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று அமெரிக்காவில் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். பணம் வராததால் 2014-ல் இரான் நாட்டு வாலையே ஜப்தி செய்து தரும்படி கேட்டார்கள். கீழ்க் கோர்ட்டு, இது ஜப்திக்கு உரிய சொத்து அல்ல என்றது. 2016 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டு வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தது. சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், கைமாற்றிக் கொடுத்தால் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றது. அந்த மூன்றாம் மனிதர்களில், அந்த வாலில் பெயர் பதிந்து பிழைப்பவர்களும் அடக்கம். வாதிகளின் வேதனை நியாயமானது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நாம் கருதுகிறோம்.

நாட்டின் வாலுக்கு இத்தனை பாதுகாப்பு இருந்தாலும், அதன் முன்னால் நிற்கும் உங்கள் கடைப் பெயர் வேறு கணக்கு. அது வருடக் குத்தகை. புதுப்பிக்காவிட்டால் கைவிட்டுப் போகும். அதைப் போன்ற பெயரை இன்னொருவர் பதிந்து உங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றினால் வழி உண்டு: 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், இணையப் பெயருக்கும் வியாபாரப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. டாட் இன் பெயருக்கு நிக்ஸியின் மத்தியஸ்த முறையும் இருக்கிறது.

ஆனால் இணையதளம் செய்து கொடுத்த பையன் தன் பெயரிலேயே பதிந்திருந்தால் பேச்சு மாறிவிடும். பதிவு ரசீதை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் கடைப் பெயரும், நீங்கள் பார்க்கும் ஈமெயிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலாவதித் தேதியை லைசென்ஸ் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.