சின்ன கீசர்தானே!

மார்கழி நெருங்கினால் கடைகளில் இன்ஸ்டன்ட் கீசர்தான் அதிகம் போகிறது. விலை குறைவு, இடத்தை அடைக்காது. கூடவே சில நம்பிக்கைகளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: ஆள் சின்னது, கரன்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கும்.

உண்மை: நேர்மாறு. 25 லிட்டர் கீசர் 2,000 வாட்டில் நிதானமாகச் சுட வைக்கும். இன்ஸ்டன்டுக்கு அந்த அவகாசம் இல்லை. ஓடுகிற தண்ணீரையே சூடாக்க வேண்டும். அதனால் 3,000 வாட், அதாவது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். கன்வர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டியிருக்கிறீர்களா? மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும். இதற்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனி ஒயரும் கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும்.

உண்மை: விழாது. எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. 20 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது அசையும். ஈர உடம்போடு நிற்பவரின் இதயத்தைத் தடுமாற வைக்க அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போனது அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் உடனே துண்டித்துவிடும்.

நம்பிக்கை: பாடி பிளாஸ்டிக், எர்த் தேவையில்லை.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். வெளியே பிளாஸ்டிக் சரி, உள்ளே? ஹீட்டிங் எலிமென்ட் தண்ணீரில் அல்லவா மூழ்கிக் கிடக்கிறது! போர் தண்ணீரின் உப்பு அதன் உலோக உறைமேல் படிந்து, அரித்து, ஒருநாள் விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீரோடு ஷவர்வரை வரும். எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். நீங்கள் குழாயைத் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும்.

பாயின்ட்டில் மூன்று துளை இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் மூடியைக் கழற்றினால் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பதுண்டு. அதைவிட மோசம், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரை இழுத்து முறுக்கி வைத்திருப்பது. டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், ஸ்விட்ச் போட்டதும் கீசரின் உலோகப் பாகமெல்லாம் 230 வோல்ட் ஏறி நிற்கும். இப்படிச் செய்கிற எலக்ட்ரீஷியனை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

நம்பிக்கை: ரப்பர் செருப்போடு குளித்தால் போதும்.

உண்மை: ஒரு கை ஷவரிலும் மறு கை ஈரச் சுவரிலும் இருந்தால் செருப்பு என்ன செய்யும்?

நம்பிக்கை: ஆர்.சி.சி.பி. மாட்டியாயிற்று, இனிக் கவலையில்லை.

உண்மை: அதில் ஒரு டெஸ்ட் பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். கீசர் போடும்போதெல்லாம் விழுகிறது, தொல்லை என்று அதையே கழற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது எலிமென்ட்டை.