பன்றி இறைச்சி வேண்டாம் என்று எழுதினால் போதாது

சுஷிக் கடையில் பன்றி இறைச்சி கிடையாது. டோக்கியோவின் கின்ஸா பகுதியில், ஒரு நீளப் பலகைக்கு முன்னால் பத்துப் பேர் கூட உட்கார முடியாத இடத்தில், ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு 30,000 யென்னுக்கு மேல் வாங்கும் கடையில் அது கிடைக்கவே கிடைக்காது. அப்படிப்பட்ட கடையின் பதிவுப் படிவத்தில், உணவில் தவிர்க்க வேண்டியவை என்ற கட்டத்துக்குள் 'பன்றி இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் எழுதி அனுப்பியவர் கொழும்பு அலுவலகத்து நண்பர். பலனை அனுபவித்தவர் தெல்தோட்டைக்காரர். இதை எழுதுபவரும் அவரேதான். தன் கதையைத் தானே படர்க்கையில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. கோபத்தைக் குறைக்கத் தேவையில்லை, கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

தெல்தோட்டைக்காரருக்குத் தொழில் தேயிலை. அவர் ஊருக்கு அது புதிதல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு இலங்கையின் தேயிலை வணிகத்தைத் தொடக்கிவைத்த லூல்கந்துர தோட்டம் அந்தப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. ஜப்பானியர் பச்சைத் தேநீர் மட்டும் குடிப்பவர்கள் என்று பஸாரில் சொல்பவர்கள் இன்னும் உண்டு. கிரின் நிறுவனம் 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'கோகோ நோ கோச்சா' என்ற போத்தல் கறுப்புத் தேநீர், அங்கே மூலைமுடுக்கு இயந்திரங்களில் எல்லாம் விற்கிறது. அதற்குள் போவது பெருமளவு இலங்கைக் கொழுந்து. ஆகவே தேயிலை ருசி பார்த்துத் தரம் சொல்லும் ஒருவர் வேலை விஷயமாக டோக்கியோ போவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். கலஹா வழி பஸ்ஸில் பேராதனைக்கு இறங்கி, கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் ஏறினால் நரிட்டா. இதற்கு யாருடைய ஆலோசனையும் வேண்டாம். ஆலோசனை தேவைப்படுவது அந்தப் படிவத்துக்குத்தான்.

"மீன்தானே நானா, எதுக்குப் பயம்?" என்று கேட்டார் கொழும்பு நண்பர். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். கணவாய், இறால், சிப்பி என்று கடலில் கிடைப்பவற்றில் அவர்களுக்குத் தடை மிகக் குறைவு. ஹனஃபி மத்ஹபினருக்குத்தான் இறாலிலும் கணவாயிலும் பேச்சு வரும். அதனால் மீனைப் பற்றி தெல்தோட்டைக்காரருக்குக் கவலை இருக்கவில்லை. மீனோடு வருவதைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் படிவத்தை நிரப்பியவர். சுஷிக் கடைக்குப் பதிவு செய்யும் ஒருவர், சுஷியில் என்ன சேர்க்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம்.

இதுதான் அவர் தேடியிருக்க வேண்டியது. சாக்கே என்பது அரிசி மது, ஏறக்குறைய 15 சதவீத மதுசாரம். மிரின் என்பது இனிப்பான சமையல் மது, அசல் மிரினில் 14 சதவீதம் அளவுக்கு மதுசாரம் உண்டு. இந்த இரண்டும் இல்லாத ஜப்பானியச் சமையலறை அபூர்வம். நல்ல சுஷிக் கடையில் மீன்மேல் பூசப்படும் கருஞ்சாறு வெறும் சோயா சோஸ் அல்ல. அதோடு சாக்கேயும் மிரினும் சேர்த்துக் காய்ச்சி எடுப்பார்கள், நிக்கிரி சோயு என்று பெயர். கடல் விலாங்கை வேகவைப்பது சாக்கேயில். அதன்மேல் தடவும் இனிப்புப் பாகிலும் அதேதான். கணவாய்க்கு அண்ணனான ஒக்டோபஸை மெதுவாக்குவதும் பெரும்பாலும் சாக்கேயில்தான். கடைசியில் வரும் முட்டை அடையில் மிரின். மிசோ சூப்பும் பாதுகாப்பில்லை, மிசோ கெடாமல் இருக்க மதுசாரம் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய முறையில் செய்யும் கடைகளில் சோற்றுக்கு ஊற்றும் சிவப்பு வினிகர்கூட சாக்கே பிழிந்த சக்கையிலிருந்து வருகிறது. மது தானாகவே புளித்து வினிகரானால் என்ன சட்டம் என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. ஆனால் கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

காய்ச்சினால் மதுசாரம் பறந்துவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையைப் பார்க்கலாம். மது சேர்த்துக் கலந்து 15 நிமிடம் கொதித்த உணவில் 40 சதவீதம் எஞ்சுகிறது. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் போகாமல் நிற்கிறது.

கின்ஸாவில் நடந்தது இது. அழைத்தவர் நீண்ட காலமாகத் தேயிலை வாங்கும் ஜப்பானியர், வயதில் மூத்தவர். பலகைக்கு அப்பால் சமையற்காரர் இளஞ்சூடான சோற்றை இரண்டு விரலால் எடுத்தார், உள்ளங்கையில் வெள்ளை மீன் துண்டை வைத்தார், இரண்டு அழுத்து, ஒரு திருப்பு, மறுபடி ஓர் அழுத்து. கறுப்புத் தட்டில் வைப்பதற்கு முன் ஒரு சிறிய தூரிகையைக் கிண்ணத்தில் தோய்த்து மீன்மேல் ஒரே இழுப்பு இழுத்தார். மீன் கண்ணாடிபோல் மினுங்கியது. எதிலும் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது தேயிலைக்காரர்களின் தொழில் வியாதி. அந்தக் கிண்ணத்தில் என்ன என்று தெல்தோட்டைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். அழைத்தவர் பெருமையோடு மொழிபெயர்த்தார்: சோயா, மிரின், நல்ல சாக்கே, இந்தக் கடையின் சொந்தக் கலவை.

தெல்தோட்டைக்காரர் தன் நிலையைச் சொன்னதும் சமையற்காரர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பதிவில் இருந்தது அந்த ஒரே வரி. அதைக் காட்டி ஏதோ சொன்னார். அழைத்தவர் இருந்த இடத்திலிருந்தே தலை தாழ்த்தினார், சமையற்காரரும் தாழ்த்தினார், தெல்தோட்டைக்காரரும் தாழ்த்தினார். அதன்பின் அன்றைய சாப்பாட்டில் இருந்தவற்றைச் சமையற்காரர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இரண்டு முன்கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டிக்கொண்டே போனார். விலாங்கு, குறுக்கு. ஒக்டோபஸ், குறுக்கு. முட்டை, குறுக்கு. சோற்றுக்கு வந்தபோது தயங்கி, வினிகர்ப் போத்தலின் பின்பக்கத்தைப் படித்து, அதற்கும் குறுக்கு.

கடைசியில் வந்தது சோறில்லாத பச்சை மீன், உப்பு, சுடாச்சி என்ற சிறு எலுமிச்சையின் சாறு. உண்மையைச் சொன்னால் அபாரமாக இருந்தது. ஆனால் விலை முழு விலைதான், இலங்கைக் காசில் 60,000 ரூபாவைத் தாண்டும். அதில் தவறில்லை. இப்படிப்பட்ட கடைகளில் சமையற்காரர் தருவதைத்தான் சாப்பிட வேண்டும். ஒமகாசே என்ற அந்த முறையில், பதிவான ஆட்களை எண்ணித்தான் காலையில் தொயோசு சந்தையிலிருந்து மீன் வரும். ஒருவர் சாப்பிடாத துண்டை வேறொருவருக்கு விற்க முடியாது. பணம் பெரிய நட்டமும் அல்ல, கொடுத்தவர் அழைத்தவர். அன்றிரவு தேயிலை பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை என்பதுதான் நட்டம். விருந்தாளிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது, குற்றவாளி கொழும்பில், தெமட்டகொடையில், நிம்மதியாக இருக்கிறார் என்று?

ஆகவே முதல் வேலை, படிவத்தை மற்றவர் கையில் கொடுக்காதிருப்பது. 'ஹலால்' என்று மட்டும் எழுதினாலும் போதாது. பல கடைகளுக்கு அது இறைச்சி சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் தோன்றும், உங்கள் சமையலில் மது இருக்கிறதா என்று தனியே கேட்டால்தான் பிடிபடும். சாக்கே, மிரின், இவை சேர்ந்த சோயா, சாக்கே சக்கை வினிகர் என்று பெயர் பெயராக, ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும். தங்கும் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கேட்டால் எழுதித் தருவார்கள். உப்பும் எலுமிச்சையும் போதும் என்ற வரியையும் சேர்த்தால் சமையற்காரருக்கு வழி பிறக்கும். முடியாது என்று பதில் வந்தால் சந்தோஷப்பட வேண்டும், வீட்டிலிருந்தபடியே தப்பித்தாகிவிட்டது. ஹலால் சோயா போத்தலைப் பைக்குள் வைத்துப் போய்ப் பலகையில் எடுத்து வைக்கும் யோசனை சிலருக்கு வரும். முன்கூட்டிச் சொல்லாமல் அதைச் செய்வதைவிடப் பட்டினி கிடப்பது மரியாதை.

போகாமலே இருந்திருக்கலாமே என்று ஊரில் கேட்டார்கள். வாங்குபவர் கூப்பிடும்போது வர முடியாது என்று சொல்லிப் பார்த்தவர்கள் கேட்கட்டும் அந்தக் கேள்வியை. மற்ற வேளைகளுக்கு டோக்கியோவில் இப்போது வழி நிறைய இருக்கிறது. யொயொகி உஎஹாராவில் 1938இல் முதலில் எழுந்து, 2000இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்ட டோக்கியோ ஜாமி பள்ளிவாசலிலேயே ஹலால் சாமான் கடை உண்டு. அசகுசாவில் ஹலால் ராமென் சாப்பிடலாம். அது வேறு, விருந்து வேறு.

பச்சை மீனா என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயப்பட வேண்டியது புழுவுக்கு, அனிசாகிஸ் என்று பெயர். மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறையவைத்தால் அது செத்துப்போகும் என்பது அமெரிக்க உணவுக் கட்டுப்பாட்டாளரின் கணக்கு. ஜப்பானியரே அந்தப் பயத்தில் சல்மனைப் பச்சையாகத் தொடாதிருந்தவர்கள்தான். 1980களில் நோர்வேக்காரர் பண்ணைச் சல்மனைக் கொண்டுவந்து பழக்கிய பிறகே அது சுஷிக்கு ஏறியது. நம் மீன்கடையில் கெலவல்லா என்று வெட்டி விற்கும் மீனும் இலங்கையிலிருந்து ஜப்பானுக்குப் போகிறது. அவர்கள் சூப்புக்குச் சீவிப் போடும் கட்ஸுவோபுஷியும் நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் ஒரே சூரை மீனிலிருந்து வருபவை. பலகைக்கு முன்னால் மிரளவும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் டோக்கியோ எடோ என்ற பெயரில் இருந்தபோது, நிகிரி சுஷி தெருவோரத் தள்ளுக்கடையில் நின்றபடி கையால் எடுத்துச் சாப்பிட்ட பண்டம். இன்றும் கையால் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வைத்தவுடன் சாப்பிடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தால்தான் நினைப்பார்கள்.

சுஷிக் கடைக்கு அத்தர் பூசிக்கொண்டு போவது பெரிய அவமரியாதை. இதில் மட்டும் தெல்தோட்டைக்காரருக்கு நூற்றுக்கு நூறு. ருசி அறைக்குள் வாசனை பூசி வந்தவனை வெளியே அனுப்பும் தொழில் அவருடையது. பக்கத்து இருக்கையில் இருந்த ஐரோப்பியரின் சென்ட், பலகையின் அந்த முனைவரை மணந்தது. சமையற்காரர் அவரைப் பார்த்த பார்வையில், மிரினைப் பற்றிக் கேட்ட விருந்தாளி கொஞ்சம் மன்னிக்கப்பட்டார்.

டோக்கியோவுக்கு முதல் தடவை போகிறவர் கொழும்பில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் 'நிஹொன்பாஷி' 1995 முதல் இருக்கிறது. அந்த ஜப்பானிய உணவகத்தை ஆரம்பித்தவர் தர்ஷன் முனிதாச, தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். சமையல் பள்ளிக்குப் போகாமல், அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து கடை திறந்தவர். 2011இல் பழைய ஒல்லாந்து வைத்தியசாலைக் கட்டடத்தில் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்காரவோடு சேர்ந்து 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' தொடங்கியவரும் அவர்தான். ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் என்ற பட்டியல் முதன்முதலாக வந்த 2013இல் நிஹொன்பாஷி அதில் இடம்பெற்றது. விலை தெல்தோட்டைச் சம்பளத்துக்குக் கனம்தான், ஆனால் இங்கே எதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்த மொழியில் கேட்கலாம். ஹலால் விஷயத்தை அங்கேயும் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கொழும்பு நண்பரிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "எப்பிடியோ நானா, நான் எழுதினபடிப் பண்டி இறைச்சி ஒண்டும் வரல்லத்தானே?" என்றார். அடுத்த பயணம் ஒசாகாவுக்கு. சாப்பாட்டுக் கடைப் படிவம் இனித் தெல்தோட்டைக்காரர் கையில். ஹோட்டல் பதிவை மட்டும் நண்பரிடமே விட்டிருக்கிறார்கள். அங்கே காலைச் சாப்பாட்டில் பேக்கன் வைப்பார்கள், அவர் எழுதும் வரிக்கு அங்கேயாவது வேலை இருக்கும்.