சுவிட்சர்லாந்தின் ஃபாண்டு

குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்து மக்கள் ஒரே சட்டியைச் சுற்றி அமர்ந்து உண்ணும் உணவு ஃபாண்டு ஆகும். பிரெஞ்சு மொழியில் ‘உருகியது’ என்பது இதன் பொருள். 1699இல் சூரிக்கில் வெளிவந்த நூலொன்றிலேயே இதன் செய்முறை உண்டு. எனினும், நாடெங்கும் இது பரவியது 1930ஆம் ஆண்டுகளில், பாலாடைக்கட்டிச் சங்கத்தார் செய்த விளம்பரத்தால்தான்!

நால்வருக்கு குருயேர், வாஷெரான் என்னும் பாலாடைக்கட்டிகளில் வகைக்கு 400 கிராம் எடுத்துத் துருவி, 4 தேக்கரண்டி சோளமாவைக் கலந்துகொள்க. கனத்த மண்சட்டியின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, 350 மில்லிலிட்டர் வெண்திராட்சை மதுவைச் சூடாக்குவர். மதுவை விலக்குவோர் ஆப்பிள் சாற்றுடன் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். மாணவர்க்கு இதுவே ஏற்றது. பின்னர்த் துருவலைச் சிறிது சிறிதாக இட்டு, இளஞ்சூட்டில் இடைவிடாது கிளறுக.

இங்கேதான் கவனம் வேண்டும். கொதிக்கவிட்டால் புரதம் திரண்டு கட்டியாகும்; கொழுப்பு தனியே பிரியும்; விலையுயர்ந்த பொருள் வீணாகும். புளிப்புச் சாறு புரதத்தைத் திரளவிடாது. மாவு கொழுப்பைப் பிரியவிடாது. ஆகவே இவ்விரண்டையும் குறைத்தல் கூடாது. பிரிந்துவிட்டாலும் அஞ்ச வேண்டா. எலுமிச்சைச் சாற்றில் சிறிது சோளமாவைக் கரைத்து ஊற்றி, விரைந்து கிளறினால் பெரும்பாலும் கூடிவிடும்.

ரொட்டித் துண்டை நீண்ட முள்கரண்டியில் குத்தி, அடிவரை தோய்த்துச் சுழற்றி எடுப்பர். உண்போர் ஒவ்வொருவரும் இவ்வாறு கலக்கிக்கொண்டே இருப்பதால் குழம்பு இறுகுவதில்லை. இறுதியில் சட்டியின் அடியில் எஞ்சும் பொன்னிறக் காந்தலைச் சுரண்டிப் பங்கிட்டுக்கொள்வர்.